டீச்சரைக் கேளுங்கள்: ரேடியோ, டிவி, நம் ஓட்டு

போன இதழில் ஒரு வாசகி, "இரவு ஒன்பது மணிக்கு எந்த சேனல் விவாதம் பார்ப்பீர்கள்?" என்று கேட்டிருந்தார். "எதுவும் இல்லை, அந்த நேரத்துக்கு நான் படுத்துவிடுவேன்" என்று எழுதினேன். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. "அரசியல் பாடம் நடத்திய டீச்சரே இப்படிச் சொல்லலாமா?" என்று ஆளாளுக்குக் கோபம். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளை எல்லாம் தள்ளிவைத்துவிட்டு ரேடியோ, டிவி பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு: புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். என் அண்ணன் திருப்பாதிரிப்புலியூரில் முதலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார், பிறகு கேபிள் டிவி நடத்தினார். எனக்குத் தெரிந்ததில் பாதி புத்தகத்தில் படித்தது, மீதி அண்ணன் கடையில் உட்கார்ந்து கேட்டது.

"அந்தக் காலத்தில் ரேடியோ செய்தி என்றால் அப்படியே நம்பலாம், இப்போது ஆளுக்கொரு சேனல், ஆளுக்கொரு உண்மை" என்று அப்பா தினமும் புலம்புகிறார். நிஜமாகவே அப்படியா?
— நெல்லிக்குப்பம் வாசகர்

காலை 7.15 மணிக்கு டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. "வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று அந்தக் குரல் வந்தால் எங்கள் வீட்டில் தாளிப்பது கூட ஒரு நிமிடம் நிற்கும். குரலில் கோபம் இருக்காது, கிண்டல் இருக்காது. உங்கள் அப்பா நினைத்து ஏங்குவது அதைத்தான். எனக்கும் அந்த ஏக்கம் உண்டு.

ஆனால் அவர் வாசித்த தாளில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று முடிவு செய்தது யார்? 1975 ஜூன் 26 காலையில் நெருக்கடி நிலையை நாட்டுக்கு அறிவித்து இந்திரா காந்தி பேசியது அதே வானொலியில்தான். பத்திரிகைகளுக்குத் தணிக்கை அதிகாரிகளை உட்கார வைத்தார்கள். வானொலிக்கு அந்தச் செலவுகூடத் தேவைப்படவில்லை, அது ஏற்கெனவே அரசின் ஒரு துறை. அந்த நாட்களில் அண்ணன் கடைக்கு வருகிறவர்கள் செட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு "இதுல லண்டன் எடுக்குமா?" என்றுதான் கேட்பார்கள். பி.பி.சி. தமிழோசையைச் சொல்கிறார்கள். சொந்த ஊர்ச் செய்தியை லண்டனில் போய்க் கேட்கவேண்டி வந்த காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அப்பாவிடம் இன்னொன்றையும் கேளுங்கள். 1967-ல் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தபோது வானொலி யார் கையில் இருந்தது? டெல்லியின் கையில், அதாவது காங்கிரஸ் அரசின் கையில். டிவி இங்கே கிடையவே கிடையாது. சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். கட்சி வளர்ந்ததெல்லாம் படிப்பகத்திலும் டீக்கடை பெஞ்சிலும் சலூனிலும் மைதானத்துப் பொதுக்கூட்டத்திலும் சினிமாக் கொட்டகையிலும்தான். நாட்டின் எந்த ஒலிபரப்பின் தயவும் இல்லாமல் ஒரு மாநிலமே அரசியல் பேசியிருக்கிறது.

எங்கள் வீட்டில் மாமனாருக்கு ஒரு கட்சி சேனல், கணவருக்கு எதிர்க்கட்சி சேனல், மகனுக்கு "நடுநிலை" சேனல். சாப்பாட்டு நேரத்தில் தினம் சண்டை. கட்சி நடத்தும் சேனல்கள் இல்லாமல் இருந்தால் நாடு நன்றாக இருந்திருக்குமோ?
— பண்ருட்டி வாசகி

நன்றாக இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன் அம்மா. கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. அண்ணன் அப்போதுதான் மொட்டை மாடிக்கு மாடி, தென்னை மரத்துக்கு மரம் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார். இணைப்பு கேட்டு வந்தவர்களில் செய்திக்காகக் கேட்டவர் ஒருவரும் இல்லை என்பார். எல்லோருக்கும் வேண்டியது சினிமா. சினிமாவோடு சேர்ந்து, கேட்காமலே செய்தியும் வீட்டுக்குள் வந்துவிட்டது. 1996 தேர்தல் நேரத்தில் தூர்தர்ஷனில் பார்க்க முடியாததையெல்லாம் சன் டிவியில் பார்த்தோம் என்று எங்கள் தெருவில் பேசாத வீடு இல்லை. அதற்கு முந்தைய வருடம்தான், 1995 பிப்ரவரியில், உச்ச நீதிமன்றம் காற்றலை பொதுச் சொத்து என்றும், அரசு அதைத் தன் ஏகபோகமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய வழக்கு அது. கருத்துச் சுதந்திரத்துக்குக் கிரிக்கெட் செய்த உதவி என்று வகுப்பில் சொன்னால் பையன்கள் கைதட்டுவார்கள்.

பிறகு வரிசையாக வந்தார்கள். 1999-ல் ஜெயா, 2006-ல் மக்கள், 2007-ல் கலைஞர், 2010-ல் கேப்டன். கட்சி ஒன்று, கொடி ஒன்று, சேனல் ஒன்று என்று ஆயிற்று. 2011-ல் புதிய தலைமுறை வந்தபோதுதான் கட்சிப் பெயர் ஒட்டாத முழுநேரத் தமிழ்ச் செய்தி என்று மக்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இதில் ஒரு நல்லதும் நடந்தது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முதல் பதிலில் படிப்பகம், டீக்கடை, சலூன் என்று பெருமையாகச் சொன்னேன் அல்லவா? அந்த மூன்று இடத்திலும் என் அம்மா ஒருநாளும் கால் வைத்ததில்லை. அரசியல் பேசுகிற இடமெல்லாம் ஆண்களின் இடமாக இருந்தது. முதலில் ரேடியோ அடுக்களை வாசலுக்கு வந்தது, அப்புறம் டிவி கூடத்துக்கு வந்தது. ஒரு கட்சி சேனல் சொன்னதை இன்னொரு கட்சி சேனல் மறுக்கும்போது என் அம்மா, "அப்போ ரெண்டு பேர்ல ஒருத்தன் புளுகறான்" என்பாள். எழுபது வயதில் அவள் செய்த முதல் அரசியல் விமர்சனம் அது. ஒற்றைக் குரல் மட்டும் இருந்த காலத்தில் இப்படிச் சொல்ல அவளுக்கு வழியே இல்லை.

கெட்டது என்னவென்றால், பார்ப்பதே பங்கெடுப்பு என்று ஆகிவிட்டது. முன்பு கட்சிக்காரர் என்றால் வட்டச் செயலாளர் கூப்பிட்டபோது கூட்டத்துக்குப் போகவேண்டும், சுவரில் பசை தடவ வேண்டும், வாக்காளர் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு நாலு தெரு நடக்க வேண்டும். நடக்கும்போது நாலு பேர் திட்டுவார்கள், "தண்ணி வரல, ஓட்டு மட்டும் வேணுமா?" என்பார்கள். அந்தத் திட்டு மேலே போய்ச் சேரும். உங்கள் மாமனார் சோபாவில் உட்கார்ந்து எதிர்க்கட்சிக்காரரைத் திட்டுவது யாருக்கும் போய்ச் சேராது, உங்கள் கணவரைத் தவிர.

சண்டைக்கு வழி கேட்டீர்கள். ரிமோட்டை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த சேனல் எந்த எண்ணில் வருகிறது என்பதில்கூட அரசியல் உண்டு என்கிறார்களே?
— குறிஞ்சிப்பாடி வாசகர்

உண்டு. அனலாக் கேபிள் காலத்தில் அண்ணனின் கன்ட்ரோல் ரூம் ஒரு சின்ன தணிக்கைக் குழு. பழைய டிவி பெட்டிகளில் முதல் பன்னிரண்டு எண்தான் தெளிவாகத் தெரியும். அதற்குள் இருக்கிற சேனல்தான் சேனல், மற்றதெல்லாம் புள்ளி புள்ளியாக மழை பெய்யும். "அந்தச் சேனலைக் கொஞ்சம் பின்னாடி தள்ளுங்க" என்று உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் போன் போட்டால், சட்டப்படி அதற்கு எந்த மதிப்பும் இல்லை, ஆனால் அண்ணனின் கேபிள் ஓடுகிற கம்பம் எல்லாம் தெருவில்தானே நிற்கிறது? ஆட்சி மாறினால் எண் மாறும். இப்போது செட்டாப் பாக்ஸ் வந்த பிறகு அந்த அதிகாரம் அண்ணன் போன்ற சின்ன ஆள் கையை விட்டுப் பெரிய கட்டுப்பாட்டு அறைகளுக்குப் போய்விட்டது. அதிகாரம் கைமாறியது, அவ்வளவுதான். அதனால் ஒரு செய்தி சேனல் திடீரென்று வரவில்லை என்றால், "லைன் போச்சு" என்று சும்மா இருந்துவிடாதீர்கள், ஏன் என்று கேளுங்கள்.

நான் புதுச்சேரியில் எம்.ஏ. படிக்கிறேன். செய்தி சேனல்கள் பெருகினால் மக்கள் அதிகமாக ஓட்டுப் போடுவார்களா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன டீச்சர்?
— காலாப்பட்டு மாணவர்

தம்பி, செமினாருக்கா? சரி, தருகிறேன். ஆனால் இவை அந்தந்த நாட்டுக் கணக்குகள், அப்படியே இங்கே ஒட்டவைத்துவிடாதே.

அமெரிக்காவில் 1930-களில் ரேடியோ அதிகம் இருந்த மாவட்டங்களுக்கு அரசின் நிவாரணப் பணம் அதிகம் போனது, அங்கே ஓட்டுப் பதிவும் அதிகமாக இருந்தது என்று டேவிட் ஸ்ட்ரோம்பெர்க் 2004-ல் காட்டினார். கேட்கிற காது இருக்கிற இடத்தை அரசு கவனிக்கிறது என்று பொருள். அடுத்து 2006-ல் மேத்யூ ஜென்ஸ்கோ ஆராய்ந்தது டிவியை. அமெரிக்காவில் டிவி ஊர் ஊராக நுழைந்தபோது ஓட்டுப் பதிவு குறைந்தது, அதுவும் உள்ளூர்ப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்களில் நன்றாகவே குறைந்தது. காரணம், உள்ளூர் விஷயம் எழுதிய பத்திரிகையையும் ரேடியோவையும் விட்டுவிட்டு மக்கள் பொழுதுபோக்குக்குத் திரும்பிவிட்டார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி.

யாருக்கு ஓட்டு என்பதை டிவி மாற்றுமா? ஃபாக்ஸ் நியூஸ் 1996-ல் தொடங்கிய பிறகு அது கேபிளில் கிடைத்த ஊர்களில், 2000 அதிபர் தேர்தலில், குடியரசுக் கட்சி 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளி வரை கூடுதலாகப் பெற்றது என்று டெல்லாவிக்னா, கப்லான் இருவரும் 2007-ல் எழுதினார்கள். சின்ன எண்தான். ஃப்ளோரிடாவில் அந்தத் தேர்தல் எத்தனை ஓட்டில் முடிந்தது என்று பார்த்தால் சின்ன எண்ணின் வலிமை தெரியும். இத்தாலியில் இன்னும் வேடிக்கை. பெர்லுஸ்கோனியின் தனியார் சேனல்கள் செய்தியே இல்லாமல் ஆட்டம் பாட்டமாக ஓடிய 1980-களில், அதை முதலில் பார்க்கத் தொடங்கிய ஊர்கள் பின்னாளில் அவர் கட்சிக்கு அதிகம் ஓட்டுப் போட்டன. 2019-ல் வந்த ஆய்வு அது. அரசியல் பேசாத நிகழ்ச்சிக்கும் அரசியல் விளைவு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

நம் ஊருக்கு வா. புதுச்சேரியில் சட்டமன்றத் தேர்தல் என்றால் ஓட்டுப் பதிவு 80 சதவீதத்தைத் தாண்டுவது வழக்கம். தமிழ்நாடு 2021-ல் 73 சதவீதத்தை ஒட்டி நின்றது. இத்தனைக்கும் இரண்டு பேரும் பார்ப்பது அதே சென்னை சேனல்கள். முப்பதே தொகுதி, தொகுதிக்குச் சில பத்தாயிரம் ஓட்டு, வேட்பாளர் உன் அத்தை வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருப்பார். அங்கே ஓட்டுக்கு இழுப்பது டிவி இல்லை. இதை செமினாரில் சொல், பேராசிரியர் எதிர்க் கேள்வி கேட்பார், அதுதான் வேண்டும்.

உங்களுக்குப் பிடித்த நெறியாளர் யார்?
— திருவந்திபுரம் வாசகி

எதிரில் இருப்பவர் வாக்கியத்தை முடிக்கும் வரை காத்திருக்கிற எவரும். பெயர் சொன்னால் அவர் கட்சி என்ன என்று அடுத்த கடிதம் வரும்.

செய்தி சேனல்கள் ஏன் கத்துகின்றன? டி.ஆர்.பி.தானே காரணம்?
— விருத்தாசலம் வாசகர்

பெரும்பாலும் அதுதான். நாடு முழுவதும் ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் வைத்த மீட்டரிலிருந்து, எந்த சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்து, விளம்பரப் பணம் யாருக்கு என்று முடிவாகிறது. 2020 அக்டோபரில் முறைகேட்டுப் புகார் வந்து செய்தி சேனல்களுக்கான அந்தக் கணக்கையே நிறுத்திவைத்தார்கள், 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. இடைப்பட்ட காலத்தில் கத்தல் குறைந்ததா என்று கேட்டால், என் அண்டை வீட்டு டிவி சத்தத்தை வைத்துச் சொல்கிறேன், இல்லை. இன்னொரு காரணம் செலவு. நிருபரையும் கேமராவையும் சிதம்பரத்துக்கும் காரைக்காலுக்கும் அனுப்பப் பணம் வேண்டும். நாலு பேரை உட்காரவைத்து மோதவிட ஒரு மேசை போதும்.

தேர்தல் நேரத்தில் வானொலியிலும் தூர்தர்ஷனிலும் கட்சிக்காரர்கள் வந்து எழுதிவைத்ததை வாசிக்கிறார்களே, அதை யாராவது கேட்கிறார்களா?
— கடலூர் முதுநகர் வாசகர்

நான் கேட்கிறேன். சிரிக்காதீர்கள்.

1977 தேர்தலில் தொடங்கியது இது. நெருக்கடி நிலை முழுக்க அரசு மட்டுமே பேசிய அதே வானொலியில் எதிர்க்கட்சிக்காரர் குரல் வந்தது. அண்ணன் கடை வாசலில் அன்று நின்ற கூட்டம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேச்சு சுமார்தான், ஆனால் அந்தக் குரல் அந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்பதையே மக்கள் நம்பாமல் நின்றார்கள். 1998-லிருந்து தேர்தல் ஆணையத்தின் திட்டப்படி நேரம் பிரித்துத் தருகிறார்கள். அங்கீகாரம் பெற்ற எல்லாக் கட்சிகளுக்கும் அடிப்படையாகச் சம நேரம், அதற்குமேல் முந்தைய தேர்தலில் வாங்கிய ஓட்டைப் பொறுத்துக் கூடுதல் நேரம். யார் எப்போது என்பது குலுக்கல். காசு கிடையாது. 2003-ல் இந்த யோசனைக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இடம் கொடுத்தார்கள்.

இதை நான் மதிப்பதற்குக் காரணம் எளிது. சேனல் வைத்துக்கொள்ள வசதி இல்லாத கட்சிக்கும் பத்து நிமிடம் குறுக்கீடு இல்லாமல் கிடைக்கிற ஒரே இடம் இது. தனியார் விவாதத்தில் சின்னக் கட்சிக்காரருக்கு ஓரத்து நாற்காலி, "சீக்கிரம் சொல்லுங்க, பிரேக் போகணும்".

குறை இல்லாமலும் இல்லை. பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சியின் சீதாராம் யெச்சூரி உரையிலும், ஃபார்வர்டு பிளாக் கட்சியின் தேவராஜன் உரையிலும் சில சொற்களை எடுக்கச் சொன்னார்கள். ஒருவரிடம் ஆட்சியை வகுப்புவாத, எதேச்சதிகார ஆட்சி என்றதை, மற்றவரிடம் முஸ்லிம்கள் என்ற சொல்லையே. விதிமுறைப்படிதான் செய்தோம் என்றது வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதி. எதிர்க்கட்சிக்காரர் ஆளும் கட்சியைத் திட்டும் சொல்லைக் கூட நீக்கினால், அவர் அங்கே வந்து மழை நிலவரமா வாசிப்பார்?

புதுச்சேரி செய்தி சென்னை சேனல்களில் ஏன் வருவதே இல்லை? வந்தால் ஒன்று கவர்னர் சண்டை, இல்லையென்றால் பீச்சில் புத்தாண்டு.
— முத்தியால்பேட்டை வாசகர்

உங்கள் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். எடுத்துக்காட்டு ஒன்றே போதும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் இதுவரை நடந்தது 1968-லும் 2006-லும் மட்டும். நடுவில் 38 வருடம். 2006-ல் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது, இதை எழுதும் வரை அடுத்தது நடக்கவில்லை. இன்று புதுவையில் இருபத்தைந்து வயது ஆகும் ஒரு பெண் தன் வாழ்நாளில் ஒரு கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டதில்லை. இதை வைத்து எத்தனை இரவு விவாதம் நடந்திருக்க வேண்டும்! தமிழ்நாட்டில் ஒரு மாநகராட்சியில் இப்படி நடந்திருந்தால் திரை முழுக்கச் சிவப்பில் பிரேக்கிங் ஓடியிருக்கும். சுமார் பத்து லட்சம் வாக்காளர் உள்ள ஊருக்கு விளம்பர மதிப்பு குறைவு, அவ்வளவுதான் கதை.

இங்கேதான் எனக்குப் பொது ஒலிபரப்பின் அருமை தெரிகிறது. கோரிமேடு இந்திரா நகரில் இருக்கிற புதுச்சேரி வானொலி நிலையம் தினமும் இந்த ஊருக்கென்று தமிழில் மாநிலச் செய்தி தருகிறது. என் ரேடியோவில் மீடியம் வேவ் 1215-ல் கேட்டுப் பழகிய குரல்கள். சட்டசபையில் என்ன மசோதா வந்தது, காரைக்காலில் எந்தப் பாலம் எப்போது மூடுகிறார்கள், இலவச அரிசிக்கு அரிசியா பணமா என்பதெல்லாம் அதில் வரும். அரசு சொன்னதை அரசு சொன்ன மாதிரியே சொல்வார்கள், எதிர்க் கேள்வி இருக்காது. இருந்தாலும் என்ன முடிவு எடுத்தார்கள் என்று தெரிந்தால்தானே நீங்கள் எதிர்க் கேள்வியே கேட்க முடியும்? கோபம் டிவியில் நிறையக் கிடைக்கிறது, எதன் மேல் கோபப்பட வேண்டும் என்ற தகவல்தான் கிடைப்பதில்லை.

மாமியார் இன்னும் பேட்டரி ரேடியோவைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். எல்லாம் போனிலேயே வரும்போது இது எதற்கு?
— தேவனாம்பட்டினம் வாசகி

தேவனாம்பட்டினத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதை உங்கள் மாமியார் மறக்கவில்லை. கம்பங்கள் சாய்ந்து கிராமங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை, டவர்கள் செத்துவிட்டன, தனியார் சேனல்கள் நம் ஊரை நாடு முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தன, நமக்குத்தான் பார்க்க வழியில்லை. பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போனவர்களுக்கு நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்க யாரைப் பார்க்க வேண்டும் என்ற தகவல்தான் அப்போது அரசியல். வீட்டு வாசலில் நாலு பேர் கூடி ஒரு டிரான்சிஸ்டரைக் கேட்டார்கள், கேட்டவுடன் எழுந்து தாலுகா ஆபீசுக்குப் போனார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து நம் பக்கத்தை முழுக்கடித்தது. எச்சரிக்கை முறையாகக் கொடுத்தோம் என்றது அரசு, எங்களுக்கு வந்து சேரவில்லை என்றார்கள் கரையோரத்துக்காரர்கள். நள்ளிரவில் எந்த வழியாக எச்சரிக்கை வரும் என்பது தேர்தல் வாக்குறுதியில் இடம்பெற வேண்டிய கேள்வி. அதுவரை ரேடியோ கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும். பேட்டரியை மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

எஃப்.எம். ரேடியோவில் நாள் முழுக்கப் பேசுகிறார்கள். ஒரு செய்தியாவது சொல்கிறார்களா?
— வில்லியனூர் ஆட்டோ ஓட்டுநர்

சொல்லக்கூடாது என்பதுதான் சட்டம், அவர்களைத் திட்டாதீர்கள். தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க இந்தியாவில் அனுமதி இல்லை. 2011 கொள்கையில், அகில இந்திய வானொலியின் செய்தியை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம் என்று மட்டும் விட்டார்கள். போக்குவரத்து, வானிலை, தண்ணீர் வராத நேரம் எல்லாம் சொல்லலாம். ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டால் அது செய்தி, ஆகாது. டிவியில் இருபத்து நாலு மணி நேரமும் கத்தலாம், பத்திரிகையில் எழுதலாம், ரேடியோவில் மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. இதை எதிர்த்து 2013-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வழக்குப் போனது. சமுதாய வானொலிக்கும் இதே கட்டுதான். புதுவைப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி, 107.8-ல், மீனவர், பெண்கள், உடல்நலம் என்று நல்ல விஷயமெல்லாம் பேசும். ஊராட்சித் தலைவரை மடக்கிச் செய்தி கேட்க அதற்கு வழியில்லை. கையில் ஸ்டியரிங்கோடு நாள் முழுக்கக் காது திறந்திருக்கும் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் உள்ளூர்ச் செய்தி முதலில் போய்ச் சேர வேண்டும். அந்தக் கதவைத்தான் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

பி.பி.சி. மாதிரி நம் வானொலி, தூர்தர்ஷன் சுதந்திரமாக இருக்க முடியாதா?
— சிதம்பரம் வாசகர்

சட்டத்தில் சுதந்திரமாகத்தான் இருக்கிறது. பிரசார் பாரதி சட்டம் 1990-லேயே நிறைவேறி, ஏழு வருடம் அலமாரியில் தூங்கி, 1997-ல் நடைமுறைக்கு வந்தது. பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி மத்திய அரசின் மானியம். பி.பி.சி.க்கு வீட்டுக்கு வீடு லைசென்ஸ் கட்டணம், 2025-ல் வருடத்துக்கு 174.50 பவுண்ட். கட்டுகிறவன் கேள்வி கேட்பான். நாமும் ஒரு காலத்தில் ரேடியோவுக்கு லைசென்ஸ் புத்தகம் வைத்துத் தபால் நிலையத்தில் பணம் கட்டியவர்கள்தான், 1980-களில் அதை எடுத்துவிட்டார்கள். பணம் மிச்சம் என்று மகிழ்ந்தோம். கேள்வி கேட்கிற உரிமையும் சேர்ந்து போயிற்று என்பது என் வாதம்.

பி.பி.சி.யும் தேவலோகம் அல்ல. பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சனுக்குக் கடன் ஏற்பாடு ஆன விஷயத்தில் தன் பங்கை முறையாகச் சொல்லாததற்காக அதன் தலைவர் ரிச்சர்ட் ஷார்ப் 2023-ல் பதவி விலக வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 2025-ல் பொது ஒலிபரப்புக்கான மத்திய நிதியையே ரத்து செய்துவிட்டார்கள். இருந்தும் ஒன்று சொல்கிறேன். பிரிட்டன், டென்மார்க், பின்லாந்து, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. பொது ஒலிபரப்பு வலுவாக இருந்த நாடுகளில் மக்களுக்கு நாட்டு நடப்பு அதிகம் தெரிந்திருந்தது. அதைவிட முக்கியமாக, படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் இடையில் அந்த விஷயத்தில் இடைவெளி குறைவாக இருந்தது. காசு கொடுத்து நல்ல செய்தி வாங்கப் பணக்காரனுக்கு வழி உண்டு, இல்லாதவனுக்குத்தான் பொது ஒலிபரப்பு வேண்டும்.

இரவு விவாதம் பார்ப்பதில்லை என்றீர்கள். பின்னே என்னதான் பார்ப்பீர்கள்?
— புதுச்சேரி லாஸ்பேட்டை வாசகி

சட்டமன்றம் நடக்கிற நாட்களில் காலையில் கேள்வி நேரம். தமிழ்நாட்டில் 2022-லிருந்து நேரடியாகக் காட்டுகிறார்கள். நம் தொகுதிக்காரர் வாயைத் திறந்தாரா, திறந்தால் பாராட்டினாரா கேட்டாரா என்று ஒரு நோட்டில் குறித்துவைப்பேன். தேர்தலில் அவர் ஓட்டுக் கேட்டு வரும்போது அந்த நோட்டு பயன்படும். போன முறை வந்தவர் நோட்டைப் பார்த்ததும் காபி வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

ஒரு செய்தி சேனலில் எங்கள் தெருவைப் பற்றித் தவறாகச் சொல்லிவிட்டார்கள். போன் செய்தால் எடுப்பதில்லை. எங்கே புகார் செய்வது?
— புவனகிரி வாசகர்

போனை விடுங்கள், எழுத்தில் அனுப்புங்கள். 2021-ல் கேபிள் தொலைக்காட்சி விதிகளைத் திருத்தி மூன்று படி வைத்திருக்கிறார்கள். முதலில் சேனலுக்கே. அதற்கென்று ஒரு குறைதீர் அலுவலர் இருக்கவேண்டும், 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில், 15 நாளுக்குள் முடிவு. அதில் திருப்தி இல்லையென்றால் அந்தச் சேனல் சேர்ந்திருக்கிற சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு. அதற்கும் மேலே தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் குழு. முதல் படியைத் தாண்டாமல் நேரே மூன்றாவதுக்கு எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். ஒளிபரப்பான தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர், சொன்ன வாசகம், அதில் எது தவறு, சரியானது என்ன என்று ஆறையும் எழுதுங்கள். "மனம் புண்பட்டது" என்று மட்டும் எழுதினால் நடக்காது. தெருக்காரர்கள் பத்துப் பேர் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புவது நல்லது, மறுப்பை ஒளிபரப்பினார்கள் என்றால் அதையும் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.